மீதி மூச்சு

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட வேண்டாம். ஏரலிலிருந்து தினமும் காலை ஏழு பத்து பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தூத்துக்குடி வந்து இறங்குகிறவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். இறங்கியதும் நேராக எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஆய்வு அறைக்குப் போய் மெஷினைப் போட்டுவிடுவேன். அது சூடேறி ஒரு நிதானத்துக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

மெஷின் என்றால் கேஸ் குரோமட்டோகிராஃப். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒருவர் ஊதிய மூச்சில் ஒரே ஒரு மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து உள்ளே செலுத்தினால், சுருட்டி வைத்திருக்கும் நீளமான குழாய் வழியாக அது போகும். போகிற வழியிலேயே ஒவ்வொரு வாயுவும் தன் தன் வேகத்துக்குப் பிரிந்துவிடும். கோயில் கொடை முடிந்து கூட்டம் கலையும்போது பிள்ளைகள் முதலில் ஓடி வருவதும், பட்டுச்சேலை கட்டிய பெண்கள் பேசிக்கொண்டே கடைசியில் வருவதும் போலத்தான். முதலில் கார்பன் மோனாக்சைடு வரும், அடுத்து மீத்தேன், எல்லாவற்றுக்கும் பின்னால் கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொன்றும் வரும்போது திரையில் ஒரு மேடு எழும். மேடு எவ்வளவு பெரியதோ வாயு அவ்வளவு அதிகம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும் என் மெஷின் விடாது.

எங்கள் நுரையீரல் டாக்டர் விஜிலாவுக்குச் சங்கு குளிக்கிறவர்களின் மூச்சை அளக்க வேண்டும் என்று ஒரு திட்டம். முத்துக் குளிப்பெல்லாம் எப்போதோ நின்றுபோய்விட்டது. இப்போது திரேஸ்புரத்திலிருந்து போகிறவர்கள் சங்குதான் எடுக்கிறார்கள். பைபர் படகில் ஒரு இன்ஜினும் கம்ப்ரசரும் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஓஸ் குழாய் வழியாக வருகிற காற்றை வாயில் கவ்விக்கொண்டு, கடலடியில் மணிக்கணக்காகக் கிடந்து சங்கு பொறுக்குவார்கள். இன்ஜின் புகை அந்தக் காற்றோடு சேர்ந்தால் அடியில் இருக்கிறவனுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மயங்கினால் அங்கேயே முடிந்தது.

வைகாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மணி மூன்று இருக்கும். ஜெர்லின் என்ற பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கலாம். கையில் சுருட்டிய மாதக் காலண்டர். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ரெக்சன், தலைமுடியில் உப்புத் தண்ணீர் காயாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். படகிலிருந்து இறங்கியதும் நேராக இழுத்து வந்திருக்கிறாள்.

"அக்கா, இவரு குடிச்சிருக்காரா இல்லையான்னு ஒங்க மெஷின்ல பாத்துச் சொல்லுங்க."

"இது குடி பாக்குத மெஷின் இல்லம்மா. புகை பாக்குதது."

"என்னத்தையோ பாக்கட்டும். உள்ள இருக்கத வெளிய காட்டுமா காட்டாதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் கண் அழுது சிவந்திருந்ததைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காராமல் காலண்டரை என் மேசைமேல் விரித்தாள். சித்திரையிலிருந்து ஒன்பது தேதிகளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"இதெல்லாம் குடிச்ச நாளு. கரையேறும்போதே தள்ளாடுவாரு. வாந்தி எடுப்பாரு. தலையப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு படுத்துருவாரு. கேட்டா குடிக்கலன்னு சாதிக்காரு."

"வாடை அடிக்குதா?"

"இல்ல. வாடையே இல்லாத சரக்கெல்லாம் இப்ப வந்துருக்காம். எங்க அண்ணன் ஜெஸ்டின் சொல்லுதான்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் பனிமய மாதா கோயில் திருவிழாவில், மாதா முன்னால் நின்று இனித் தொடமாட்டேன் என்று ரெக்சன் சத்தியம் செய்தானாம். அதற்கு முன்னால் அவள் பட்ட பாட்டை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முகத்திலேயே இருந்தது.

"சத்தியத்த ஒடச்சவர்கூட இனிமே என்னால முடியாது. சனிக்கிழமை காலைல பிள்ளையளக் கூட்டிக்கிட்டு கீழவைப்பாருக்குப் போயிருவேன், எங்கம்மை வீட்டுக்கு. பை கட்டி வச்சாச்சு. வேணும்னா ஒங்க மெஷின் வேற சொல்லட்டும், இருக்கேன்."

ரெக்சன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் அந்தப் பக்கமே போகல அக்கா," என்றான். பலமுறை சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனவன் குரல்.

நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. ஆனால் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் புகைக்காற்றும் அதைத்தான் செய்யும். அதைச் சொன்னேன். ஜெர்லின் ஒரே போடாக மறுத்துவிட்டாள்.

"அது எங்க அண்ணன் கம்ப்ரசர் அக்கா. பங்குனியிலதான் புதுசா மாட்டுனான். கயிறு பிடிக்கதும் அவந்தான். அவன் கவனிக்காம இருப்பானா?"

அந்தக் கரையில் இது ஒரு வழக்கம். கடலில் இறங்குகிறவன் கையில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் அவன் மச்சினன்தான் பிடிப்பான். கூடப் பிறந்த தம்பியைக்கூட நம்பமாட்டார்கள். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் தூங்கமாட்டான் அல்லவா, அதற்காக. ஜெர்லின் அப்படியொரு அண்ணனை நம்பியதில் குற்றம் சொல்ல முடியாது.

ரெக்சனை உட்கார வைத்தேன். மூச்சு எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மூக்கில் கிளிப் போட வேண்டும். வாயில் ரப்பர் குழாயைக் கவ்வ வேண்டும். நன்றாக இழுத்து, பதினைந்து நொடி பிடித்து, பிறகு விட வேண்டும். முதலில் வருவதை நான் வெளியே விட்டுவிடுவேன். அது வாயிலும் தொண்டையிலும் கிடந்த காற்று, நம் அறைக் காற்றுதான். கடைசியில், நெஞ்சின் அடியிலிருந்து வருவதுதான் ரத்தத்தில் இருப்பதைச் சொல்லும். அப்போது குழாயிலுள்ள திருகைத் திருப்பி அதை மட்டும் பையில் பிடிப்பேன்.

ஊதினான். பை பாதிகூட நிறையவில்லை. மெஷினில் போட்டேன். கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. புகை பிடிக்காத யாருக்கும் இருக்கிற அளவு. ஆனால் கடைசி மேட்டைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மூச்சில் கார்பன் டை ஆக்சைடு நாலு சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இதில் அரைகூட இல்லை.

"தம்பி, நான் என்ன பலூன் ஊதவா சொன்னேன்? இது வாய்க்காத்து. முழுசா விடணும்."

"முழுசாத்தான் அக்கா விட்டேன்."

இன்னொரு முறை எடுத்தேன். அரை. மூன்றாவது முறை மறுபடியும் அரைக்குக் கீழே. "கடைசி வர விடுப்பா, சொட்டுக்கூட மிச்சம் வைக்காத," என்று கத்தியே விட்டேன். தலையை ஆட்டினான். அதே வாய்க்காற்றுதான் வந்தது.

ஜெர்லின் காலண்டரைச் சுருட்ட ஆரம்பித்தாள். "பாத்தீங்களா அக்கா. வண்டிய நிறுத்தி போலீஸ்காரன் ஊதச் சொன்னா நுனி வாயால ஊதுவாங்கள்லா, அதே மாதிரி ஊதுதாரு. ஒண்ணுமில்லன்னா எதுக்கு மறைக்கணும்?"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இந்த ஐந்தை நான் நோட்டில் எழுதினால் கம்ப்ரசர் சுத்தம் என்று ஆகிவிடும். கம்ப்ரசர் சுத்தம் என்றால் இவன் குடிகாரன். சனிக்கிழமை இவள் பஸ் ஏறிவிடுவாள். திங்கட்கிழமை இவன் அதே காற்றைக் கவ்விக்கொண்டு மறுபடியும் கடலுக்குள் போவான். எழுதாமல் பேனாவை மூடினேன்.

நாலாவது முறை கிளிப்பைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் அவனையே பார்த்தேன். அதுவரை என் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி. கிளிப் மூக்கில் ஏறி, குழாய் பல்லுக்கிடையில் போனதும் அவன் வேறு ஆளாகிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான். முழங்கால் மடங்கி நாற்காலிக்கடியில் போனது. இடது கை விரல்கள் மட்டும் எதையோ தேடுவதுபோல மடங்கி மடங்கி விரிந்தன.

குழாயை எடுக்கச் சொன்னேன். "தம்பி, அந்தக் கையி எதத் தேடுது?"

அவனுக்கே தெரியவில்லை. கையைப் பார்த்தான். வெட்கப்பட்டான். "கயிறுக்கா. இங்கனதான் கட்டியிருக்கும்."

"கடலுக்குள்ள இருக்கும்போது மூச்ச முழுசா விடுவியா?"

"அதெப்படிக்கா விட முடியும்? அடியில நிக்கும்போது நெஞ்சு காலியாயிரக் கூடாது. ஓஸ்ல காத்து நின்னு போச்சுன்னா உள்ள இருக்கதுதான மிச்சம். அத வச்சித்தான் மேல வரணும்."

"அப்பம் எப்ப விடுவ?"

"மச்சான் மேலேருந்து மூணு இழு இழுப்பான். வான்னு அர்த்தம். அப்ப விட்டுக்கிட்டே ஏறுவேன். ஏறும்போது விடாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும்."

பதினாறு வருடமாகக் குளிக்கிறவன். குழாயைக் கவ்வினால் அவன் உடம்புக்கு அது கடலடிதான். கயிறு இழுக்காமல் அந்த நெஞ்சு மீதியைக் கொடுக்காது. நான் எவ்வளவு கத்தினாலும் கொடுக்காது. அவன் பொய் சொல்லவில்லை, முழுசாக விட்டதாகத்தான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒங்க அண்ணன் எங்க இருக்காருமா?"

"வெளிய பைக்குப் பக்கத்துல நிக்கான். என்ன சொல்லுதீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தான்."

ஜெஸ்டின் வந்தார். கட்டையான ஆள், நல்ல கறுப்பு, காதோரம் நரைத்திருந்தது. ஏ.சி. அறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றினார். மெஷினின் வாயு சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை ரெக்சனின் இடது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, நான் கையக் காட்டும்போது மூணு இழு இழுக்கணும். கடல்ல இழுக்க மாதிரியே."

"இங்கன எதுக்கு மேடம்?"

"இழுங்க, சொல்லுதேன்."

ரெக்சன் குழாயைக் கவ்வினான். கண் மூடியது. நான் பதினைந்து எண்ணினேன். கையைக் காட்டினேன். ஜெஸ்டின் கேலியாகத்தான் கயிற்றைப் பிடித்திருந்தார், ஆனால் இழுத்தபோது கேலி இல்லை. சுண்டி, சுண்டி, சுண்டி மூன்று இழுப்பு. ரெக்சனின் தோள் தளர்ந்தது. மூச்சு வந்தது, வந்துகொண்டே இருந்தது. முதல் பாதியை வெளியே விட்டுத் திருகைத் திருப்பினேன். பை கல்யாண வீட்டுப் பூரி மாதிரி உப்பியது. அவனுடைய கால் இரண்டும் நாற்காலிக்கடியிலிருந்து வெளியே வந்து நேரே நீண்டன.

மெஷினில் போட்டுவிட்டு மூன்று பேரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தில் முதல் மேடு கிளம்பியது. ஐந்துக்கு எழுந்தது மாதிரி இல்லை, திரையின் பாதிக்கு ஏறியது. எழுபத்திரண்டு. கடைசி மேடு வரும் வரை காத்திருந்தேன். கார்பன் டை ஆக்சைடு ஐந்து புள்ளி இரண்டு. சுத்தமான நெஞ்சு மூச்சு.

"ஜெர்லின், ஒன் வீட்டுக்காரர் குடிக்கல," என்றேன். "இது இன்ஜின் புகை. அஞ்சு ஆறு இருக்க வேண்டிய எடத்துல எழுபத்திரண்டு இருக்கு. கரையேறி இவ்வளவு நேரத்துக்கு அப்புறம் எழுபத்திரண்டு. அடியில எவ்வளவு இருந்திருக்கும்னு நீயே நெனச்சிக்கோ."

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெஸ்டின் நம்பவில்லை. "புது கம்ப்ரசர் மேடம். நானே பாத்துப் பாத்து மாட்டுனது. சங்கு மூடைக்கு எடம் பத்தலன்னு இன்ஜினத் திருப்பி வச்சேன், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே அவர் கண் மேசைமேல் இருந்த காலண்டருக்குப் போனது. அது பாதி சுருண்டு கிடந்தது. அவரே அதை விரித்தார். முதல் வட்டத்தில் விரலை வைத்தார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. எனக்கு அவை வெறும் தேதிகள்தான். கடலுக்குப் போகிறவருக்கு அப்படி இல்லை.

"இந்த மூணு நாளும் நல்ல கச்சான் காத்து," என்றார். "இதுவும் கச்சான். இந்த நாளு மத்தியானத்துக்கு மேல திரும்புச்சு." ஒன்பது வட்டத்தையும் பார்த்து முடித்தார். "இன்னைக்கும் கச்சான்தான்."

கச்சான் என்கிற அந்த மேற்குக் காற்று அடித்தால், திருப்பி வைத்த இன்ஜினின் புகைக்குழாயும் கம்ப்ரசர் காற்று இழுக்கிற வாயும் நேருக்கு நேர். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று என் வாய் வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"ஏளா," என்றார் தங்கச்சியைப் பார்த்து. கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது. "கயித்தப் பிடிச்சவனும் நாந்தான். இவன் குடிக்கான்னு ஒங்கிட்டச் சொன்னவனும் நாந்தான்."

ரெக்சன் மணிக்கட்டிலிருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "விடு மச்சான், எனக்கும்தான் தெரியல," என்றான். தலைவலியில் நெற்றி சுருங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது.

டாக்டர் விஜிலா ஓடி வந்து அவனைப் படுக்க வைத்து ஆக்சிஜன் போட்டார். ஜெர்லின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் நழுவும்போதெல்லாம் சரிசெய்தாள். நழுவாதபோதும் சரிசெய்தாள். ஜெஸ்டினைப் பிடித்து அவர் மூச்சையும் எடுத்தேன். இன்ஜின் பக்கத்திலேயே உட்காருகிறவர், பீடியும் குடிக்கிறவர் அல்லவா. இருபத்தொன்பது. "அண்ணாச்சி, பீடிக்குப் பாதியக் கழிச்சிருவோம்," என்றேன். அன்றைக்கு அவரைச் சிரிக்க வைக்க முடியவில்லை.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. இன்ஜினைப் பழையபடி திருப்பி வைத்து, கம்ப்ரசருக்குக் காற்று இழுக்கிற வாயில் ஒரு நீளமான பி.வி.சி. பைப்பை மாட்டி, படகின் முன்பக்கம் ஆளுயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டார் என்று டாக்டர் சொன்னார். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் புகை எட்டாது. சங்கு மூடைக்கு இடம் இல்லைதான், அதை மடியில் வைத்துக்கொள்வாராம்.

பன்னிரண்டு நாள் கழித்து நானே வரச் சொன்னேன். கச்சான் அடிக்கிற நாளாகப் பார்த்து, கரையேறிய கையோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மூன்று பேரும் வந்தார்கள். ரெக்சன் சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தான். ஜெர்லின் கையில் காலண்டர் இல்லை, ஒரு டப்பா நிறைய பொரித்த ஊளி மீன் இருந்தது. நான் செவ்வாய்க்கிழமை மீன் சாப்பிடமாட்டேன் என்று இவளுக்கு யார் சொல்வது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

"கட்டுன பை என்னாச்சு?"

"சனிக்கிழமையே பிரிச்சாச்சுக்கா," என்றாள் மெதுவாக. ஆனால் புருஷன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்று அவளுக்குள் பாக்கி இருந்தது.

கயிற்றைக் கட்டினேன். மறுமுனையை ஜெஸ்டினிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தங்கச்சி பக்கம் தலையை அசைத்தார். "அவ கையில குடுங்க."

"எனக்குத் தெரியாது அண்ணே."

"மூணு இழுப்பு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

ரெக்சன் கிளிப் போட்டு, குழாயைக் கவ்வி, இழுத்துப் பிடித்தான். கண் மூடியது. கால் மடங்கி உள்ளே போனது. நான் எண்ணத் தொடங்கினேன். பதினைந்தில் கையைக் காட்டினேன். ஜெர்லின் ஒருமுறை இழுத்தாள். இரண்டாவது இழுத்தாள். அத்தோடு நின்றுவிட்டாள்.

"மூணாவது இழுக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்," என்றாள் அவனிடம். "நீங்க குடிக்கல. ஒம்போது நாளும் குடிக்கல. நீங்க சொன்னத நான் நம்பல. தலைவலில கெடக்கும்போது ஒரு தண்ணிகூட எடுத்துத் தரல. பிள்ளையளையும் பக்கத்துல போக விடல. அந்தக் காலண்டர அடுப்புல போட்டுட்டேன். இனிமே மாதா முன்னால நீங்க சத்தியம் பண்ண வேண்டாம். எங்கிட்டச் சொன்னாப் போதும்."

அவன் மூச்சைப் பிடித்தபடியே இருந்தான். பதில் சொல்ல முடியாது, வாயில் குழாய். கண் மட்டும் திறந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் என் சாம்பிளைக் கெடுக்கிறாயே என்று நான் கத்தியிருப்பேன். கத்தவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மூன்றாவது முறை இழுத்தாள். ரெக்சன் விட்டான். நெஞ்சு, வயிறு எல்லாம் ஒட்டிப்போகும் வரைக்கும், சொட்டு மிச்சம் வைக்காமல் விட்டான். பை நிறைந்து, நிறைந்த பிறகும் வந்துகொண்டிருந்தது.

கார்பன் மோனாக்சைடு மூன்று. விதிப்படி அந்தச் சாம்பிளைக் கழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன், அதிலும் மூன்றுதான். ஆனால் முதலாவதையும் நோட்டில் ஏற்றினேன். மூச்சுப் பிடித்த நேரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோருக்கும் அதில் பதினைந்து என்றுதான் இருக்கும். அதில் ஐம்பத்திரண்டு நொடி என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். டாக்டர் விஜிலா சாயங்காலம் நோட்டைப் பார்த்துவிட்டு இது ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அவன் பெண்டாட்டி பேசி முடிக்க அவ்வளவு நேரம் ஆயிற்று என்றேன்.